இசக்கிமணிக்கு ஏறாத மேளம்

இசக்கிமணிக்குப் பாட்டு பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். பிடிக்காமல் போவதற்கும் மனசில் ஏதாவது தோன்ற வேண்டும் அல்லவா? அவனுக்கு ஒன்றுமே தோன்றாது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றுமோ அதுதான் அவனுக்கு நாதஸ்வரம் கேட்டாலும். ஓடுகிறது, நின்றுவிட்டது, அவ்வளவுதான். காதில்தான் கோளாறோ என்று தென்காசியில் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினான். அவர் ஹெட்போனை மாட்டி என்னென்னவோ சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு, உமக்குப் பாம்புச் செவி, போய் வேலையைப் பாரும் என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போட்டால் இவன் பக்கத்துப் பையன் கையைப் பார்த்துப் பார்த்துப் போடுவான். கல்யாணமான புதிதில் அனுசியா ஆசையாக ஒரு பாட்டைப் பாடிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக யோசித்து, சத்தம் தெளிவா இருக்கு என்றான். அந்த வாரம் முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு விஷயம் புரிந்து, சிரித்து, பழகியும் போனாள். இப்போது டிவியில் பாட்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இது சோகம், இது சந்தோஷம் என்று அவளே சொல்லிவிடுவாள். அவனும் தலையாட்டிக்கொள்வான்.

உத்தியோகத்தில் இந்தக் குறையே அவனுக்கு நல்ல பேர் வாங்கித் தந்தது. குற்றாலத்தில் ஏட்டு. சாரல் விழாவில் கச்சேரி நடக்கும்போது மற்றப் போலீஸ்காரர்களெல்லாம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மேடையைப் பார்த்து நிற்பார்கள். இசக்கிமணி மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆடுகிற சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்ஸ்பெக்டர் அதைக் கடமை உணர்ச்சி என்று நினைத்தார். கடமையாவது ஒன்றாவது! அவனுக்கு அந்த முகங்களைப் பார்க்க அத்தனை ஆசை. இத்தனை பேருக்கும் என்னதான் நடக்கிறது? எந்த இடத்தில் அது உள்ளே போகிறது? ஒருநாளாவது அதைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று கிடந்தான்.

வெறும் ஆசையாக இருந்தது இந்த ஆடியில் கட்டாயமாகிவிட்டது. அவன் ஊர் குத்துக்கல்வலசைக்குப் பக்கம். வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்தாலும் சுடலைமாடன் பீடத்தைச் சுற்றி மட்டும் யாரும் கல் ஊன்றத் துணியவில்லை. அந்த மாடனுக்கு ஆடுகிற சாமியாடி இவனுடைய அப்பா உச்சிமாகாளி. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாமியாடி போனால் அடுத்த ஆடிக் கொடை விழாவில் மூத்த மகனை முன்னால் நிறுத்தி மேளம் அடிப்பார்கள். சாமி அவன்மேல் வர வேண்டும். கொடை முடிவதற்குள் வராவிட்டால் சாமியாடி உடுத்தும் சல்லடமும் கையில் பிடிக்கும் வல்லய ஈட்டியும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். சித்தப்பா மகன் குற்றாலீஸ்வரன் ராணுவத்தில் லீவு வாங்கிக்கொண்டே வந்திருந்தான். அவனுக்கு ஆட்டோ ஹாரன் அடித்தாலே கால் ஆடும்.

சல்லடம் போனால் போகட்டும் என்று இசக்கிமணி விட்டிருப்பான். அம்மா உலகம்மாள்தான் விடவில்லை.

"அவியதான் போயிட்டாவ. சாமியும் இந்த வீட்ட விட்டுப் போயிருச்சுன்னா நான் யாரப் பாத்துட்டு இருப்பேன்?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொய்க்கு ஆடிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அனுசியாவுக்கும் தோன்றியது, மெதுவாகச் சொல்லியும் பார்த்தாள். பொய்ச் சாட்சி சொல்ல வருகிறவனை வாசலிலேயே கண்டுபிடிக்கிறவன் இசக்கிமணி. அதே வேலையைப் பெற்ற தாய் முன்னால் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை. வந்தால் நிஜமாக வரட்டும் என்று சொல்லிவிட்டான். நிஜமாக வர வேண்டுமானால் மேளம் உள்ளே இறங்க வேண்டும். இறங்குவது என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே போலீஸ்காரன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் விசாரணையை ஆரம்பித்தான்.

ஐந்தருவியில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவரைக் கேட்டான். பாட்டு இல்லாவிட்டால் எண்ணெய்ச் சூடு தாங்காது என்றார் அவர். ஆட்டோக்காரர் ஒருவர், பழைய பாட்டு கேட்டால் செத்துப்போன தங்கச்சி ஞாபகம் வருகிறது, அதற்காகவே கேட்கிறேன் என்றார். யாரைக் கேட்டாலும் காரணம் சொன்னார்களே தவிர, உள்ளே நடப்பதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஸ்டேஷனில் கூட வேலை பார்க்கும் ஷெர்லினைப் பிடித்தான். அவள் சர்ச் கொயரில் பாடுகிறவள்.

"மொதல்ல பின் கழுத்துல ஆரம்பிக்கும் ஏட்டையா. பெறகு கையில முடி எந்திக்கும், தொண்டை அடைக்கும். சில நேரம் கண்ணுல தண்ணி வந்துரும்" என்றாள்.

"காரணமே இல்லாமயா?"

"காரணம் இருந்தா அது அழுகை. இது வேற."

அவன் அன்றைக்கு வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பின் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை. தான் தின்னாத ஒரு பழத்தைப் பற்றி ஊரே பேசுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. பொறாமைகூட இல்லை, என்னதான் ருசி என்று தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்றிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கொடை தொடங்கியது. சல்லடத்தைக் கட்டிவிட்டு, கையில் வல்லயத்தைக் கொடுத்து, பீடத்துக்கு எதிரே இசக்கிமணியை நிறுத்தினார்கள். நையாண்டி மேளக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று வெளுத்து வாங்கினார்கள். உறுமி அவன் காதுக்குள்ளேயே உறுமியது. ஓரத்தில் நின்ற குற்றாலீஸ்வரனுக்குக் கால் துடித்தது. இவனோ ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் மாதிரி நின்றான். மேளக்காரர்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. விளக்கு வைத்த பிறகும் ஒன்றும் நடக்காததால், மறுநாள் மதியக் கொடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். உலகம்மாள் முதல் ஆளாக வீட்டுக்கு நடந்தாள்.

கொடை விழாக் கமிட்டித் தலைவர் பால்வண்ணநாதன் அண்ணாச்சிக்கு இது கௌரவப் பிரச்சனை ஆகிவிட்டது. மேளம் பத்தவில்லை என்று முடிவு கட்டினார். இந்த ஊரில் சாமி வராவிட்டால் யாரும் ஆளைக் குறை சொல்ல மாட்டார்கள், மேளத்தைத்தான் சொல்வார்கள். உடனே செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டை மேளத்துக்கு ஏற்பாடு செய்தார். நையாண்டி ஓய்ந்தால் செண்டை, செண்டை ஓய்ந்தால் நையாண்டி, நடுவில் ஒரு மூச்சுக்கூட இடைவெளி இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மேளம் ஏறாத மனுஷனுக்கு இரண்டு மேளம்! என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காலை, விரதத்தில் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த இசக்கிமணி, அனுசியாவின் போனில் பழைய கொடை வீடியோக்களைப் பார்த்தான். அப்பா எப்படி நின்றார், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தான். சத்தத்தை அணைத்துவிட்டான். சத்தத்தால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? சீசனில் சிசிடிவி முன்னால் உட்கார்ந்து செயின் பறித்தவனைத் தேடுகிற அதே கண்ணால் பார்த்தான்.

ஒரு வீடியோவில் மேளக்காரர்கள் உயிரைக் கொடுத்து அடிக்கிறார்கள். அப்பா கல்லு மாதிரி நிற்கிறார். அடித்து அடித்து ஓய்ந்து, தவில்காரர் வேர்வையைத் துடைக்கக் கையை எடுக்கிறார். அப்பாவின் தோள் வெட்டுகிறது. அதைப் பார்த்ததும் எல்லாரும் பதறிப்போய் மறுபடி அடிக்கிறார்கள். முந்தின வருஷத்து வீடியோவைப் போட்டான். அதில் பம்பைக்காரர் தளர்ந்த மேளத் தோலைத் தீயில் காட்டி இறுக்கக் குனிகிறார், மற்றவர்களும் நிறுத்துகிறார்கள், அப்பாவின் தோள் வெட்டுகிறது. அதற்கு முந்தினதிலும் அப்படியே. சத்தத்தை வைத்தும் பார்த்துவிட்டான். ஒரு வருஷம்கூட மேளம் அடிக்கும்போது சாமி வரவில்லை; நின்றபோதுதான் வந்திருக்கிறது. ஊரே காதைக் கொடுத்து நின்றதால் ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை.

இசக்கிமணி போனைக் கையில் எடுத்துக்கொண்டான். எழுந்து நேரே பொங்கல் பானையடியில் இருந்த அம்மாவிடம் போனான். அப்பாவுக்குப் பாட்டு பிடிக்குமா என்று கேட்டான்.

உலகம்மாள் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டுவிட்டு யோசித்தாள். "எங்க கல்யாணத்துக்கே மேளக்காரன் பக்கத்துல உக்கார மாட்டம்னுட்டாவ. ரேடியோ வச்சா மாட்டப் பாக்கப் போறேன்னு எந்திச்சுப் போயிருவாவ. ஏன்யா கேக்க?"

போனை அவள் கையில் கொடுத்து, சத்தமில்லாமல் அந்த இடங்களை மட்டும் காட்டினான். அவள் மறுபடி காட்டு என்றாள். திரும்பவும் காட்டச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருசம் கூட இருந்தேன், எனக்குத் தெரியலயே" என்றாள். அவளுக்கு அதில் பெருமையா வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உச்சி வெயிலில் கொடை களைகட்டியது. செண்டைக்காரர்கள் வரிசையாக நின்று அடித்த அடியில் பந்தல் கால் அதிர்ந்தது. அவர்கள் முடிக்குமுன்னே நையாண்டி பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி போட்ட உத்தரவை அவர்கள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார்கள். குற்றாலீஸ்வரன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்வரிசைக்கே வந்துவிட்டான். கூட்டத்தில் சலசலப்பு. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், பிறகு சித்தப்பா மகனை நிறுத்துவோம் என்று யாரோ சொன்னது, அத்தனை இரைச்சலிலும் அந்தப் பாம்புச் செவியில் விழுந்தது.

இசக்கிமணி வல்லயத்தை இடது கைக்கு மாற்றினான். வலது கையை உயர்த்தி, மெயின் ரோட்டில் லாரியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினான். அது போலீஸ் கை. இரண்டு மேளமும் டக்கென்று நின்றன.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். தோரணத்து ஓலை அசைகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கிடா கத்தியது. பிறகு இசக்கிமணிக்கு அருகில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. உலகம்மாள் திருநீற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து பட்டினி, வெயில் வேறு, அவளுக்கு இரைத்தது.

அந்த மூச்சிரைப்பைக் கேட்டதும் அவனுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கடைசியில் மூச்சுக்குத்தான் கஷ்டப்பட்டார். ஒவ்வொரு மூச்சும் கஷ்டப்பட்டு உள்ளே போய் வெளியே வருவதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அது நின்றதையும் அவன்தான் முதலில் கேட்டான். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கொட்டில் ஊரே அழுதது. அனுசியா அழுதாள், குற்றாலீஸ்வரன்கூட விழுந்து புரண்டு அழுதான். இவனைக் கொட்டு ஒன்றும் செய்யவில்லை. அது ஓயும்வரை காத்திருந்தான். ஓய்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என்று பேசினார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

முழங்காலில் ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. இடுப்புக்கு ஏறி, தோள் வெட்டி, வல்லயத்து மணிகள் தாமாகக் குலுங்கின. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையதா என்று அவனுக்கே தெரியவில்லை. கூட்டம் அய்யா என்று கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். தவில்காரர் பழக்கதோஷத்தில் கம்பை ஓங்கினார்.

"கொட்டாதீய" என்றாள் உலகம்மாள். "யாரும் கொட்டாதீய. சும்மா இருங்க."

தவில்காரர் கம்பை இறக்கினார். குலவையும் அடங்கியது.

சாமி வந்ததும் முதல் கேள்வி அந்த வீட்டுப் பொம்பளைக்கு. உலகம்மாள் எந்த வருஷமும் மழையைத்தான் கேட்பாள். ஒரு வருஷம் மகனுக்கு வேலை கேட்டாள். இந்த வருஷம் என்ன கேட்கப் போகிறாள் என்று எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவள் தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆடுகிற முகத்தில் புருஷனைத் தேடுகிறவள் போல அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பம் மூச்சு முட்டலயே?" என்று கேட்டாள்.

சாமியிடம் இப்படி ஒரு கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். இசக்கிமணியின் முகமெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் எதையும் யோசிக்கவில்லை. பதில் அதுவாக வந்தது.

"முட்டல தாயி. நல்லா வருது."

திருநீற்றை அள்ளி அவள் நெற்றி நிறையப் பூசினான். உலகம்மாள் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டாள். அது போதும் என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் கும்பிட்டு நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.