இடது கைக் கையுறை

பெட்டியைக் கிழித்து முதல் ஜெர்சியை உதறிய தேனுகா அதை மேசையில் விரித்துப் பார்த்தாள்.

நெஞ்சில் இருந்த லோகோ அவள் வரைந்ததுதான். ஆனால் இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

கனடாவின் ஒஷாவா நகர ஐஸ் அரங்கின் பின்னறை. வெளியே ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக்கின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குக் கூட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது. சுவரில் லீக்கின் பழைய லோகோக்கள் தொங்கின. முதலாவது வெறும் மூன்று எழுத்து. பிறகு ஓர் இறுதி ஆட்டத்தில் கோல் காப்பாளன் ஒருவன் கடைசி நொடியில் ரப்பர் வட்டை இடது கையுறையால் பிடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தான். அன்றிலிருந்து அவன்தான் லோகோ. அடுத்த தடவை ஆளைக் கழற்றிவிட்டுக் கையுறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நிறம் மாறியது, கோடு மெலிந்தது. இடது கை மட்டும் மாறவேயில்லை.

அதைப் புதிதாக வரைந்தவள் தேனுகா. இன்று நல்லபடி முடிந்தால் லீக்கில் நிரந்தர வேலை.

தையல் வேலையை டோர்செட் பார்க் பகுதியில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கும் தன் அப்பா அன்புராசாவுக்கு அவளே பிடித்துக் கொடுத்திருந்தாள். அப்பா என்று மட்டும் லீக்கில் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பெட்டியோடு அவர் உள்ளே வந்தார்.

"அப்பா, இதை ஆர் திருப்பினது?"

"நான்தான் மகள். நீ அவசரத்தில பிழையாக் கீறிப்போட்டாய். கொம்பியூட்டரில ஒரு தட்டு, சரியாப் போச்சு."

"என்ன பிழை?"

"இடக்கையால வாங்குது. ஐம்பது வருசக் கொண்டாட்டம், நல்ல காரியம். இடக்கையால ஆரும் வாங்குவினமே? உன்ர பேரெல்லோ கெடும்."

"ஐயோ அப்பா, வலக்கையில அவன் மட்டை வச்சிருக்கிறான்..."

கதவு திறந்தது. லீக் தலைவர் டக். ஜெர்சியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"யார் செய்த வேலை?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"தையல் கடைக்காரர்," என்றாள் தேனுகா. நாக்கு அதோடு நிற்கவில்லை. "இவர் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இனி இவரிடம் கொடுக்க மாட்டேன்."

அன்புராசா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு டக்கிடம் திரும்பினார்.

"மை மிஸ்டேக், சேர். மேடம் கிவ் கரெக்ட்."

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

டக் கதவைச் சாத்தினார்.

"இன்று வீரர்கள் பழைய ஜெர்சியோடு ஆடட்டும். இதைப் பிரித்துத் தைக்கலாம். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது," என்றார். பிறகு குரல் தணிந்தது. "வேனை நிறுத்தியதுமே அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'லோகோ என் மகள் வரைந்தது' என்றார். பார்க்கிங் பார்க்கிறவரிடமும் சொன்னார்."

தேனுகாவுக்குக் காது மடல் சுட்டது. டக்கின் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினாள்.

வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது. போன் அடித்தாள்.

"சொல்லு மகள்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேலைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"இல்லை அப்பா."

"எனக்கு அது காணும். டிரைவிங்கில நிக்கிறன், வை."

அரங்கின் ஒலிபெருக்கி லோகோ வரைந்தவரை மேடைக்கு அழைத்தது: தேனுகா அன்புராசா.

இரண்டாம் முறையும் அழைத்தது. அவள் நகரவில்லை.