படத்தில் இல்லாத விளக்கு

ஜெஃப்ரினுக்குப் பிழைப்பு கல்யாண வீட்டில். ஆசை முழுக்க ஆகாயத்தில். புதுக்கடையில் ஸ்டுடியோ வைத்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துபோன மனுஷன், அமாவாசை வந்துவிட்டால் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் கடற்கரைப் பாறைக்குப் போய்விடுவான். அரை நிமிஷத்துக்கு ஒன்றாக மணிக்கணக்கில் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொரு நட்சத்திரமும் நகர்ந்து போன வழி கோடாக விழும். வடக்கே குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தால் வட்டம் வட்டமாக வரும். நம்மூரில் மேற்கே பார்த்து வைத்தால் கோடுகள் அத்தனையும் மழைபோல நேராகக் கடலில் இறங்கும். அந்த அழகை வெளியூர்க்காரனுக்குக் காட்டி ஒரு பரிசாவது வாங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே பிடிவாதம்.

2013 ஜனவரி அமாவாசை அதற்குத் தோதாக வாய்த்தது. மேகம் இல்லை. போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி நேரம் மறுநாள் காலை பத்து மணி. மற்ற மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் சாயங்காலமே கடலுக்குப் போய்விட்டன. அண்ணன் சிலுவையின் வள்ளம் மட்டும் எஞ்சின் மக்கர் பண்ணி, எட்டரை மணிக்குத்தான் தயாரானது. கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று சிலுவை தனியாள்.

“அண்ணா, பொழி தாண்டிக் கடலுக்குள்ள போன பொறவு ஒரு மணி நேரம் லைட்ட அணச்சிட்டுப் போவியா? எரிஞ்சா படத்தில குறுக்க கோடு விழும்.”

சிலுவை சிரித்துவிட்டான். “எலே, ஒனக்க படத்துக்காவ நான் இருட்டில போவணுமா? கப்பல் போற வழியாக்கும் மக்கா. வேணும்னா நீ ஒனக்க கேமராவத் திருப்பி வை.”

கம்பின் உச்சியில் கட்டியிருந்த விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் போனான். சிலுவையின் மனைவி ரெஜிஷா வழக்கம்போல, அந்த வெளிச்சம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஜெஃப்ரின் கேமராவைத் திருப்பவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத அண்ணன்மேல் அவனுக்கு நல்ல எரிச்சல்.

அந்த எரிச்சலோடுதான் நடுச்சாமத்தில் ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்தான். படத்துக்குப் படம் கடலின்மேல் ஒரு வெள்ளைப் பொட்டு. பெரிதாக்கிப் பார்ப்பான், பக்கத்து இருட்டைக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் பூசுவான், அடுத்த படத்துக்குப் போவான். கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோக்கள் அடைத்துக் கிடந்ததால் தனிப்பிரதி எடுத்து வைக்கவும் இடமில்லை. பூசிய படத்தையே பழைய படத்தின்மேல் சேமித்துக்கொண்டு வந்தான். நாலரை மணிக்கு வேலை முடிந்தது. கடல் துடைத்துவிட்டது போல இருந்தது. போட்டிக்கு அனுப்பினான். இரணியலில் அன்று காலை ஒரு சர்ச் கல்யாணம் இருந்தது. அதற்கு வேண்டுமென்று கேமரா கார்டையும் காலி பண்ணினான். படம் எடுக்கிறவன் எவனும் செய்கிற காரியம்தான்.

மாப்பிள்ளை மோதிரம் போடுகிற நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தபோது யாரோ கத்தினார்கள். சிலுவையின் வள்ளம் இரண்டாகப் பிளந்து மிதக்கிறதாம், ஏதோ சரக்குக் கப்பல் இடித்திருக்கிறதாம். சிலுவையைக் காணோம்.

காணோம் என்றால் காணோம்தான். ஒன்பது நாள் தேடினார்கள். பெட்டிக்குள் அவனுடைய சட்டை ஒன்றை வைத்து அடக்கம் செய்தார்கள். ரெஜிஷா அழுதபோது செத்ததைவிட, ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியபோதுதான் ஜெஃப்ரின் அதிகம் செத்தான். சிலுவை விளக்குப் போடாமல் போயிருக்கிறான், இல்லாவிட்டால் கப்பல்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றார்கள். குடித்திருப்பான் என்றுகூட ஒருத்தன் சொன்னான். “நான் கண்டேனே, எனக்க கண்ணால கண்டேனே,” என்று ரெஜிஷா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பிப்ரவரியில் அவன் படத்துக்கு இரண்டாம் பரிசு என்று தகவல் வந்தது. ஒரு பத்திரிகையில் இடம், தேதி, நேரத்தோடு போட்டார்கள். அவன் அதை யாரிடமும் காட்டவில்லை. வேண்டாம் என்று எழுதிப் போடவும் இல்லை. ஒருநாள் மைனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். அண்ணன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவான். கோழைத்தனம்தான், வேறென்ன?

ஜூன் மாதம் நாகர்கோவிலில் விசாரணை. ரெஜிஷாவுக்குத் துணையாக ஜெஃப்ரின் போயிருந்தான். கப்பல் தரப்பு வக்கீல் எழுந்து, பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார்.

“அம்மா, இது அதே ராத்திரி, அதே கடல், அதே நேரம். மூணு மணி நேரம் எடுத்த படம். உங்க வீட்டுக்காரர் விளக்கு இதுல எங்க இருக்கு? காட்டுங்க.”

ரெஜிஷா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். விரலால் கடலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள். மறுபடியும் தடவினாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“தெரியல்ல சார். கண்டேன்னுதான் நெனச்சேன். வேற ஏதாவது லைட்டு வெட்டமா இருக்கும். எனக்குத் தெரியல்ல.”

அந்தச் சொல்லை ஜெஃப்ரினால் தாங்க முடியவில்லை. ஊரே சேர்ந்து சொன்னபோதும் அசையாதவள், அவன் படத்தைப் பார்த்துத் தன் கண்ணையே சந்தேகப்பட்டுவிட்டாள். அவன் எழுந்து நின்றான்.

“அது நான் எடுத்த படம் சார். லைட்டு இருந்துது. நான்தான் அழிச்சேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அழிக்காத படம் இருக்கா?”

“இல்ல சார்.”

“ஒண்ணுகூடவா?”

“இல்ல சார்.”

“நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?”

“தம்பி.”

வக்கீல் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். படத்தில் விளக்கு இல்லை, இருந்ததாகச் சகோதரர் வாய்மொழியாகக் கூறுகிறார், ஆதாரம் இல்லை. அதிகாரி இதை வாய்விட்டுச் சொல்லியே எழுதினார். எழுதினதில் பொய் எதுவும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இரண்டு ஓரத்திலும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தக்கலை தாண்டுகிற வரைக்கும் ரெஜிஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் திட்டவேண்டும், செருப்பைக் கழற்றி அடித்தாலும் சரி என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“அப்பம் நான் கண்டது அவருக்க லைட்டுதானா?”

“ஆமா மைனி. ஒரு படத்திலகூட அணையல்ல.”

அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஐந்து மாதமாக அழுத அழுகை மாதிரி இல்லை அது. நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எத்தன படத்தில இருந்தாரு?”

“நூத்தி நாப்பத்தி மூணு.”

“ஒவ்வொண்ணா பாத்துதான் அழிச்சியா?”

“ஆமா மைனி.”

“நான் ஒரே ஒரு தடவ பாக்கக் கெடச்சா போதும்னு கெடக்கேன்,” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. “கடசிப் படத்தில எப்பிடி இருந்தாரு? அத மட்டும் சொல்லு.”

ஜெஃப்ரின் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“ஊசி முனை மாதிரி மைனி. சும்மா பாத்தா தெரியாது. யாருக்கும் தெரியாது. நான்தான் தேடித் தேடிக் கண்டுபிடிச்சு அழிச்சேன்.”