வாசலில் இறக்கிய அலுப்பு

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் வழியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியின் வாசலில், ஜூன் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு, ஏழு ஆசிரியர்கள் தங்கள் அலுப்பை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நனைந்த கோணிச்சாக்கு நிறத்தில், படுத்திருக்கும் வெள்ளாட்டின் பருமனில், ஏழும் சுவரோரம் கிடந்தன. தலைமையாசிரியர் தனுஷ்கோடியினுடையதுதான் பார்வைக்குப் பெரியது. தூக்கினால் எடையே இல்லை. ஆறாம் வகுப்பு ஹெப்சிபா டீச்சருடையது சின்னது, ஆனால் ஆட்டுரல் கனம் கனத்தது. இருபத்தோரு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டே வந்த அலுப்பு அது. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குத் தேய்த்துவிடும் தைலத்தின் வாசனையும் அதில் இருந்தது.

எல்லாம் முந்தைய சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பயிற்சியால் வந்தது. ‘உற்சாக ஆசிரியர், உன்னத வகுப்பறை’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். எட்வின் என்ற பேச்சாளர் அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டு வந்திருந்தார். பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி ‘நீங்கள் ஒரு சூரியன்’ என்று சொல்லச் சொன்னார். முந்நூறு சூரியன்களும் சொல்லிவிட்டுச் சமோசா எப்போது வரும் என்று கதவைப் பார்த்தன. “செருப்ப வெளிய விடுறீங்கல்ல, அதே மாதிரி அலுப்பையும் வாசல்ல விட்டுட்டு வகுப்புக்குள்ள போங்க” என்று முடித்தார். பயிற்சியில் சொன்ன எதுவும் பள்ளியில் நடந்ததாக அதுவரை யாருக்கும் ஞாபகமில்லை. இது மட்டும் நடந்தது.

அலுப்பில்லாத ஹெப்சிபா கையை ஆட்டிப் பாடி, குதித்து, கணக்குக்கும் ராகம் போட்டார். தனுஷ்கோடி அதைப் படம் பிடித்துக் கல்வித்துறை ஆப்பில் ஏற்றினார். சாயங்காலம் அவரவர் அலுப்பை அவரவர் தூக்கிப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வரை அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு ஏழாம் வகுப்பு வாத்தியார் வினோத், “பஸ்ல மனுசன் நிக்கவே எடமில்ல, இதையும் தூக்கிட்டு எங்க ஏற? திங்கக்கெழம எடுத்துக்கிடலாம் டீச்சர்” என்றார். திங்கட்கிழமை ஆளுக்கொரு புது அலுப்பு வந்து சேர்ந்தது. ஆடி முடிவதற்குள் வாசல் கேட் பாதிதான் திறந்தது. தனுஷ்கோடி, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் பிச்சையம்மாளைக் கூப்பிட்டு, “ஏம்மா, இத எங்கயாவது கொண்டு போட்டுரு” என்றார்.

எங்கேயாவது என்பது அவ்வளவு லேசில் கிடைக்கிற இடமில்லை. குப்பை வண்டிக்காரன் மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று கேட்டான். தெரியாது என்றதும் வண்டியை எடுத்துவிட்டான். கண்மாயில் போட்டால் மிதந்து கரைக்கே வந்தது. அதனால் பிச்சையம்மாள் தினமும் சாயங்காலம் அவற்றைத் தலையில் வைத்துத் தேவதானத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வாசல் சுத்தமானது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாவட்டத்தின் உற்சாகப் பள்ளி என்ற விருதுக்கு அந்தப் பள்ளியின் பெயர் போனது.

அக்டோபரில் பிச்சையம்மாளின் மகள் மாரிசெல்வி ஆறாம் வகுப்பில் தினமும் தூங்கினாள். “சூப்பர் மாரிசெல்வி, எந்திரி, எல்லாரும் ஒரு கைதட்டு” என்று ஹெப்சிபா சிரித்த முகமாகச் சொன்னார். முப்பத்தாறு பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் எழவில்லை. முன்பானால் அந்தக் கண்ணைப் பார்த்ததுமே ஹெப்சிபாவுக்குப் புரிந்திருக்கும். அலுப்பை அடையாளம் காண்கிற அறிவையும் அவர் வாசலிலேயே விட்டிருந்தார். நான்காம் நாள்தான் ஏன் என்று கேட்டார்.

“வீட்ல படுக்க எடமில்ல டீச்சர். உங்க அலுப்புல்லா கெடக்கு.”

அன்று பள்ளி விட்டதும் ஹெப்சிபா தேவதானத்துக்குப் பஸ் ஏறினார். ஒற்றை அறை வீட்டில் தரையிலிருந்து ஓடு வரை அடுக்கியிருந்தது. பிச்சையம்மாள் வாசற்படியில் சாய்ந்திருந்தாள். இரண்டு மாதமாகத் தாயும் மகளும் அப்படித்தான் தூங்கினார்கள்.

“வாங்க டீச்சர். உக்காரச் சொல்லத்தான் எடமில்ல.”

“இம்புட்டையும் நீங்களா சொமந்தீங்க?”

“பொறவு யாரு? வினோத் சாரோடது பரவால்ல, ஒரு உருட்டு உருட்டுனா வந்துரும். ஒங்களோடதுதான் கழுத்தப் புடிக்குது.”

“அப்ப உங்க அலுப்ப எங்க வைப்பீங்க?”

பிச்சையம்மாள் யோசித்தாள். “எனக்கு எறக்கி வைக்கச் சொல்லி யாரும் சொல்லலியே டீச்சர்.”

தைல வாசனையை வைத்து ஹெப்சிபா தன்னுடையதைப் பொறுக்கினார். ஒன்றோடொன்று வைத்ததும் எல்லாம் ஒட்டி ஒன்றாகிவிட்டன. அது இருந்த இடத்தில் ஒரு பாய் விரிக்கலாம் போலிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர், “அக்கா, இதுக்கு லக்கேஜ் போடணும்” என்றான். “மடியில வச்சுக்கிடுதேன்” என்றார். அவன் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தான். பிறகு, ஒருவரை எழுப்பிவிட்டு ஹெப்சிபாவுக்கு உட்கார இடம் கொடுத்தான்.

மறுநாள்தான் விருதுக்காக எட்வின் பள்ளியைப் பார்க்க வருகிற நாள். ஹெப்சிபா அலுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினார். தனுஷ்கோடி குறுக்கே வந்தார்.

“டீச்சர், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெளிய வச்சிருங்களேன்.”

“வச்சா பிச்சையம்மால்லா சொமக்கணும் சார்.”

அவர் விலகிக்கொண்டார். அலுப்பைக் கடைசி பெஞ்சில் வைத்தார் ஹெப்சிபா. பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். எட்வின் வந்து, வேறு இடமில்லாததால் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெப்சிபா பாடவில்லை, குதிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அரையா மூன்றில் ஒன்றா, எது பெரிது என்று கேட்டார். முந்தைய இரவு இரண்டு மாதத்தில் முதல்முறையாக நீட்டிப் படுத்துத் தூங்கியிருந்த மாரிசெல்வி முதல் ஆளாக எழுந்தாள். “மூணுல ஒண்ணுதான் டீச்சர். ரெண்ட விட மூணு பெருசுல்லா?” ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தராத, மூக்கால் வருகிற சிரிப்பு. “வா, ஒரு தோசைய ரெண்டா பிச்ச துண்டு வேணுமா, மூணா பிச்ச துண்டு வேணுமா?” என்றார். அடுத்த அரை மணி நேரம் வகுப்பில் யாரும் வெளியே பார்க்கவில்லை. எட்வின் மட்டும் அலுப்பின் மேல் சாய்ந்து, சாப்பாட்டு மணி அடிக்கிறவரை தூங்கினார். அவருடைய அலுப்பு தனிக் காரில் பின்னால் வந்துகொண்டிருந்ததாக டிரைவர் சொன்னார்.

விருது, வாசல் காலியாக இருந்த வேறொரு பள்ளிக்குப் போனது. தீபாவளிக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தேவதானம் போய்த் தங்களுடையதை எடுத்துவந்தார்கள். தனுஷ்கோடி மட்டும் வரவில்லை. எடையில்லாதது என்பதால் பிச்சையம்மாள் அதைத் தலைக்கு வைத்துப் படுக்கிறாள்.

ஹெப்சிபாவினுடையது இன்றைக்கும் பகலெல்லாம் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் நாலு பேர் சேர்ந்து வராந்தாவில் வைப்பார்கள். அதன் மேல் யாரும் ஏறி உட்காருவதில்லை. டீச்சருக்கு வலிக்கும் என்று மாரிசெல்வி சொல்லிவைத்திருக்கிறாள்.