முரசு கொட்டாத காலை

டன்ஸ் குன்றின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. ஸ்காட்லாந்துப் படையின் கூடாரங்கள் பாலில் மிதப்பவை போல உச்சி மட்டும் காட்டின. முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த நினியனை கேப்டன் ரதர்ஃபோர்ட் வழிமறித்தார்.

“இன்னைக்கு முரசு வேணாம். பள்ளத்துல இங்கிலீஷ் குதிரைக்காரங்க காவல் நிக்கிறாங்க. அவங்க முகாம்ல, அரசர் கூடாரத்துல இன்னைக்கு சமாதானக் கையெழுத்து. நீ ஜெபத்துக்குத் தட்டுறத சண்டைக்குன்னு நெனச்சிட்டா எல்லாம் போச்சு.”

“சரிங்கய்யா.”

நினியனுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கையெழுத்தானால் படை கலையும். சொந்த ஊரான கெல்சோவில் பிறந்து இருபது நாளான மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் விடியலில் முரசு கேட்டே எழுந்து பழகிய குன்று அது. அன்று வீரர்கள் தாமாகவே விழித்தார்கள். வெள்ளை இருட்டு. சத்தமே இல்லை.

“முரசு எங்கடா?”

“நினியன் கழுத்த அறுத்துட்டானுங்க போல!” ஈட்டிக்காரன் டாண்ட் அலறினான். “வந்துட்டானுங்கடா!”

பனிக்குள் ஈட்டிகள் காடாக எழுந்து சரிவை நோக்கி நகர்ந்தன. கேப்டனின் கத்தல் பஞ்சில் புதைந்ததுபோல் போயிற்று.

“டேய் டாண்ட், நான் உசிரோடதான்டா இருக்கேன்!”

“ஐயோ, பேய் பேசுது!”

கீழே குதிரையொன்று கனைத்தது. ஒரே ஒரு துப்பாக்கி வெடித்தால் போதும். கையெழுத்தும் இல்லை, கெல்சோவும் இல்லை. நினியன் கண்ணை மூடிக்கொண்டு காலை ஜெபத்தில் பாடும் வேதாகமச் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்தான். குரல் உடைந்தது. விடவில்லை.

சங்கீதம் கேட்டால் தொப்பியைக் கழற்றியே ஆக வேண்டும். அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். மூன்று ஆள் உயர ஈட்டியை ஒற்றைக் கையில் பிடிக்க எவனாலும் முடியாது. ஒவ்வொன்றாக ஈட்டிகள் புல்லில் சாய்ந்தன. நீலத் தொப்பிகள் மார்புக்கு வந்தன. இரண்டாம் வரியைக் குன்றே பாடியது. கண்ணுக்குத் தெரியாத குதிரைகள் நின்று கேட்டன. பிறகு கடிவாளச் சத்தம் மெல்ல விலகிப் போயிற்று.

மாலைக்குள் கையெழுத்தான செய்தி வந்தது. இரண்டு நாளில் படை கலைந்தது.

“போடா, போ! உன் தொண்டைய வச்சு புள்ளைக்குத் தாலாட்டு மட்டும் பாடிடாதே, பாவம்!” என்று வழியனுப்பினான் டாண்ட்.

நினியன் ட்வீட் ஆற்றங்கரையோடு நடந்தான். கெல்சோவில் மனைவி ஜேனட் குழந்தையை அவன் கையில் வைத்தாள். அது அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது. பிறகு, அந்தக் குன்று முழுவதும் எழுந்து ஓடிவரும்படியாக வீறிட்டு அழுதது.