நடுங்காமப் பேசு

ஆன்மேரி டீச்சர் தயார் செய்த பிள்ளை பேச்சுப் போட்டியில் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும், எந்த வரியில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தத் திமிர்தான் கடைசியில் வினையாகிப் போனது.

ஆனையூரில் அவள் குடியிருந்த காலனிக்குப் பின்னால் ஒரு கண்மாய். உள்ளதைச் சொன்னால் காலனியே கண்மாய்க்குள்தான் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்திலேயே மனை பிரித்து, பட்டாவும் அப்ரூவலும் வாங்கி விற்றுவிட்டான். மிச்சமிருந்த கரைமேல் இல்லாதப்பட்டவர்கள் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். போன ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியபோது, காலனிக்காரர்கள் மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். அம்புட்டும் கரை வீடுகளுக்குள் போனது. ஆன்மேரியின் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த பாண்டிமீனாவும் அந்தக் கரையில்தான் இருந்தாள். அவள் வீட்டில் அரிசி, அடுப்பு, மகளின் பாடப் புத்தகம் எல்லாம் போச்சு.

ஆன்மேரிக்கு மனசு ஆறவில்லை. சாப்பிடும்போது கணவன் இம்மானுவேலிடம் பொரிந்து தள்ளினாள்.

“பூமி சூடாயிருச்சு, மழை தாறுமாறாப் பெய்யுதுங்கிறோம். சூடாக்குனது யாருங்க? ரெண்டு ஏசி, ஒரு காரு வச்சிருக்கிற நாமளா, ஒத்த ஃபேன்ல படுத்துக் கிடக்குற அவளா? நம்ம செஞ்சதுக்கு அவ எதுக்கு முங்கணும்?”

“அதுக்கு? நம்ம வீட்ட இடிச்சிருவமா?” என்றான் இம்மானுவேல்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

வெள்ளத்தைத் தடுக்க என்ன வழி என்று மக்களிடம் கருத்துக் கேட்க, அதிகாரிகள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மீனாதான் பேச வேண்டும் என்று ஆன்மேரி முடிவு செய்தாள்.

“நானா? போங்க டீச்சர், எனக்குக் கை காலெல்லாம் உதறும்.”

“நான் சொல்லித் தாரேன். நடுங்காமப் பேசு. நான் பேசுனா அது வெறும் பேச்சு. நீ பேசுனாத்தான் சாட்சி.”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். உனக்கு வேற வேலை இல்லயா?” என்று மீனாவின் புருஷன் பால்பாண்டி கத்தினான். மீனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரே சொல்கிறார், போதாதா?

சாயங்காலங்களில் காலி வகுப்பறையில் ஒத்திகை நடந்தது. “எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுங்கய்யா,” என்று மீனா ஆரம்பித்தாள். டீச்சருக்கு அது சப்பென்று இருந்தது.

“எடுத்த எடுப்புலயே ஆள உலுக்கணும் மீனா. இப்படிச் சொல்லு: நாங்க வீட்டுக்குள்ள குடியிருக்கல, கண்மாய்க்குள்ள குடியிருக்கோம்!”

“கரைமேலதான டீச்சர் இருக்கோம்?”

“அது எனக்குத் தெரியாதா? இப்படிச் சொன்னாத்தான் சுருக்குன்னு தைக்கும்.”

தைத்தது. கூட்டத்தன்று மண்டபமே மீனாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. காலனிக்காரர்கள்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. “அந்தம்மாவே தெளிவாச் சொல்லிட்டாங்க. கண்மாய்க்குள்ள குடியிருப்பு இருக்கு. அத எடுத்தாத்தான் வெள்ளம் நிக்கும். பாவம், அவங்களுக்கும் வேற பாதுகாப்பான இடம் குடுத்துருவோம்.”

ஆன்மேரி பதறி எழுந்தாள். “சார், அவுக கரைமேல இருக்காக. கண்மாய்க்குள்ள இருக்கிறது எங்க காலனிதான். எங்க வீட்ட அளங்க சார்!”

“உங்ககிட்ட பட்டா இருக்கா டீச்சர்?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன? உக்காருங்க.”

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வந்தது. தன் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி அது. சீ என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் மறுபடி எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? ஆன்மேரி அலையாத ஆபீஸ் இல்லை. பார்த்த வக்கீல்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சித்திரை வெயிலில் பொக்லைன் வந்து நின்றது. மத்தியானத்துக்குள் கரை மொட்டையாகிவிட்டது. திருவாதவூருக்கும் அங்கிட்டு, பொட்டக்காட்டில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறி வர வேண்டும். ஆயா வேலை அவ்வளவுதான். தரிசுக்கு நடுவில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒதுங்க ஒரு வேப்பமரம்கூட இல்லை.

லோடு ஆட்டோவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது ஆன்மேரி ஓடி வந்தாள். மீனா திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்தாள். அப்படியாவது செய்திருக்கலாம். மீனா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் நடுவுல எதையும் விட்டுட்டனா? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பேசியிருந்தா நம்மள விட்டுருப்பாகள்ல?”

ஆன்மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒரு வார்த்தையும் விடல மீனா,” என்றாள்.

மீனாவின் முகம் தெளிந்தது. “அப்பச் சரி டீச்சர். நான்தான் பேசிக் கெடுத்துட்டேன்னு அவரு திட்டிக்கிட்டே இருக்காரு. போயிட்டு வாரேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.