பழைய மாடல் எடுப்பதில்லை

காலை பதினோரு மணியிலிருந்து முத்துமீனா சர்வீஸ் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் கட்டி, ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை.

"பழைய மாடல் எதையும் எடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு தங்கச்சி" என்றார் சங்கிலி. அந்தக் கடையில் பதினாறு வருடமாக மெக்கானிக். இதே பெட்டியை இரண்டு தடவை சரிசெய்து கொடுத்தவர்.

"நாளைக்குக் காலையில அரையாண்டுக் கேள்வித்தாள் டைப் அடிச்சுக் குடுத்தாகணும்ணே. தரலைன்னா ஸ்கூல் வேலை மொத்தமும் வேற ஆளுக்குப் போயிரும்."

"புதுசு ஒண்ணு தவணையில..."

"வாங்கிட்டு? இதை எங்கிட்டுச் சொருகுறது?"

பர்ஸிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு பிளக்கை எடுத்துக் காட்டினாள். அதைப் பின்னால் சொருகினால்தான் அவளுடைய தமிழ் டைப்பிங் திறக்கும். புது கம்ப்யூட்டரில் அதற்கு வாயே கிடையாது. அந்த டைப்பிங் சாப்ட்வேரை விற்ற கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள்.

சங்கிலி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். கருகல் வாடை அடித்தது.

"பவர் சப்ளை மட்டுந்தான் போயிருக்கு. இந்த மாடலுக்கு இப்ப வெளியில எங்கயும் கெடைக்காது."

அவர் காலடியில் அட்டைப்பெட்டி நிறைய அதே பவர் சப்ளை இருந்தது. உறை பிரிக்காத புதுசு. பக்கத்தில் ஒயர் வெட்டிய குவியல். சாயங்காலம் காயலான் கடை வண்டி வருவதற்குள் எல்லாவற்றையும் வெட்டிப் போட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு.

"நல்லதை எதுக்குண்ணே வெட்டுறீக?"

"முழுசாப் போனா காயலான் கடைக்காரன் வித்துருவான். பழசெல்லாம் ஓடும். பழசு ஓடுனா புதுசை யாரு வாங்குவா?"

சொல்லிக்கொண்டே குனிந்து ஒன்றை எடுத்து மாட்டினார். விசிறி சுற்றியது. கடைத் திரையை இணைத்ததும் அவள் பிளக்கைச் சொருகித் தன் ஃபைலைத் திறந்தாள். திரையில் 'ஏழாம் வகுப்பு – தமிழ்' என்று வந்ததும் முத்துமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புண்ணியமாப் போகும்ணே. எம்புட்டுன்னு சொல்லுங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, முதலாளி நல்லகாமன் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை.

"கழட்டு சங்கிலி."

"காசு தாரேன் மொதலாளி" என்றாள் முத்துமீனா. "இது ஒண்ணுதான. எனக்கு இதுதான் பொழப்பு."

"ஒனக்குப் போட்டா நாளைக்கு நூறு பேரு பெட்டியத் தூக்கிட்டு வருவாகம்மா. புதுசு வாங்கு, டிஸ்கவுண்ட் போட்டுத் தாரேன்."

திரை அணைந்தது. சங்கிலி அதைக் கழற்றி, மறுபடி ஒட்டவைக்கத் தோதாக ஒரு விரற்கடை விட்டு ஒயரை வெட்டினார். நல்லகாமன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு நீளம் எதுக்கு? அடியோட வெட்டு."

வெட்டினார். பிறகு முத்துமீனாவின் முகத்தைப் பார்க்காமல், கருகிப்போன பழையதைத் துடைத்து, அவள் பெட்டிக்குள் இருந்த இடத்திலேயே வைத்து, நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கி முடுக்கினார்.