இரண்டு பேருக்கு ஒரு மிலிட்டரி பாட்டில்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கயிறு வாங்கப் போன இடத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்கக் கூடாது பாருங்கள். மலையேறுகிறவர்களுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும் சாமான் விற்கும் கடை அது. எனக்குக் கயிற்றை அளந்துகொண்டிருந்தபோது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டா வாங்கிடலாம் அண்ணி."

"ஒண்ணு போதும்."

"ரெண்டு."

"அப்ப நீ தனியாவே போயிட்டு வா."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். இருவருக்கும் நடுவே மேசைமேல், பச்சைத் துணியுறை போட்ட ஒரு தண்ணீர்க் குடுவை. ராணுவத்தினர் இடுப்பில் மாட்டுகிற மாதிரி. ஒரு பக்கம் லேசாகக் குழிந்து, இடுப்போடு ஒட்டி உட்காரும் வடிவம்.

ஒரு பாட்டிலா இரண்டா என்பதற்கா இவ்வளவு கோபம்? வீட்டுக்கு வந்து கயிற்றைக் கட்டினேன், கேள்வி அவிழவில்லை. (இந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.)

2

நான் கடிதம் எழுதிப் பழகிய ஆள். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை பிசகாமல் எழுதினால்தான் மதிப்பெண். தெருவிளக்கு எரியாததற்கும் பேருந்து நிற்காததற்கும் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எழுத உட்கார்ந்தாலும் கை அந்தப் பக்கமே போகிறது. ஆகவே:

பொருள்: தண்ணீர்க் குடுவை தேர்ந்தெடுத்தல் தொடர்பாக.

தொடக்கம் ஒன்று: "வெயில் உச்சிக்கு ஏறிய அந்த நண்பகலில், பாறையின்மேல் அவள்

வேண்டாம். யாரென்றே சொல்லாமல் ஒரு பெண்ணைப் பாறைமேல் ஏற்றுவது நியாயமில்லை.

தொடக்கம் இரண்டு: "மனித உறவுகளும் தண்ணீரைப் போன்றவையே. அவை எந்தப் பாத்திரத்தில்

இது பேச்சுப் போட்டி. பரிசுகூடக் கிடைக்கும் (எனக்குக் கிடைத்தது சோப்புப் பெட்டி). கதைக்கு ஆகாது.

ஆகவே ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி, சலவைக் கடை நடத்துகிறவர். நாள் முழுக்க நீராவி இஸ்திரிக்கு முன்னால் நின்றாலும் தாகம் என்ற சொல் அவர் வாயில் வராது. நாத்தனார், அதாவது அண்ணியின் கணவருடைய தங்கை, மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவர். மயிரிழை பிசகினாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். அண்ணி அவரைக் கூப்பிடுவதே 'கண்ணாடி' என்றுதான். விடுமுறை வந்தால் இருவரும் மலைக்கு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். அண்ணியின் கணவர் ஒருமுறை அவர்களோடு போனார். பாதி வழியில் செருப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.*

* இவருக்கு இந்தக் கதையில் இனி வேலை இல்லை. பேச ஒரு வரி கேட்பார். கொடுப்பதாக இல்லை.

3

இனி, நடந்தது. (நான் நடத்தியது.)

கடைக்கு வருவதற்கு முன்னால் ஒருமுறை, ஒரே ஒரு குடுவையோடு இருவரும் மொட்டை மலைக்குப் போனார்கள். மேலே நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஏறும்போது நாத்தனார் குடுவையை நீட்டினார்.

"குடிங்க அண்ணி."

"நீ குடி முதல்ல."

"நான் இப்பத்தான் குடிச்சேன்."

"அதுக்கு முன்னாடியே நான் குடிச்சாச்சு."

சட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் என்று தெரிந்தால், 'நான் அப்பவே சாப்பிட்டேனே' என்பார்கள் அல்லவா, அந்த வீட்டுப் பழக்கத்தை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் குடிக்கட்டும் என்று இவரும், இவர் குடிக்கட்டும் என்று அவரும் குடுவையைத் தூக்கி, உதட்டை நனைத்து, தொண்டையை மட்டும் அசைத்துவிட்டு மூடியைத் திருகினார்கள்.

இறங்கும் வழியில் அண்ணி கண் இருட்டி விழுந்தார். முகத்தில் தெளிக்க ஒரு வாய்த் தண்ணீராவது மிஞ்சியிருக்காதா என்று பதறி நாத்தனார் மூடியைத் திறந்தார்.

குடுவை கழுத்துவரை நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னொரு முறை இப்படி வறண்டால் சிறுநீரகம் தாங்காது என்றார். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி இல்லாம இல்ல டாக்டர். தண்ணி கையிலயே இருந்துச்சு" என்றார்.

(கணவர்: "நான் அப்பவே சொன்னேன்." பார்த்தீர்களா, நுழைந்துவிட்டார்.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

பாதித் தண்ணீர் உள்ள குடுவை நடக்க நடக்கக் குலுங்கும். நிறைந்திருந்தால் சத்தம் வராது. காலியாக இருந்தாலும் வராது. ஆகவே காது ஏமாந்துபோயிருக்கலாம். தோள் எப்படி ஏமாறும்? அன்று முழுக்கக் குடுவையைச் சுமந்தவர் நாத்தனார். வில்லையில் மயிரிழைப் பிசகைப் பிடிக்கிறவருக்கு, தோளில் கனம் குறையவில்லை என்பது தெரியாதா?

தெரியாது என்று எழுதினேன். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. தெரியும் என்று மாற்றினேன். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? "நீங்க குடிக்கவே இல்லையே அண்ணி" என்று கேட்டால், "நீ மட்டும்?" என்று பதில் வரும். தன் நடிப்பு வெளியே வந்துவிடும். வந்தால் அண்ணி அதையே சாக்காக வைத்து, முழுத் தண்ணீரையும் இவர் வாயில் ஊற்றாமல் விடமாட்டார். அதனால் அடுத்த திருப்பத்தில் கேட்கலாம், அதற்கடுத்த திருப்பத்தில் கேட்கலாம் என்று நடந்துகொண்டே இருந்தார்.

கடையில் "ரெண்டு" என்று அவர் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். எனக்கு இப்போது அவர்மேல் சந்தேகம் இல்லை.

5

கடை. கயிறு வாங்க வந்தவன் ஓரமாக நிற்கிறேன். என்னைக் கண்டுகொள்ள வேண்டாம்.

"எல்லாமே மிலிட்டரி மாடல்மா," என்றார் கடைக்காரர்.

"எந்த மிலிட்டரி?" என்றார் அண்ணி.

"பொதுவா மிலிட்டரி."

அந்தக் கடையில் காலுறையும் மிலிட்டரிதான், கொசுவலையும் மிலிட்டரிதான்.

மூன்று குடுவைகளை எடுத்து வைத்தார். முதலாவது பிளாஸ்டிக். லேசு, ஆனால் தீயில் காட்ட முடியாது. நாத்தனார் திறந்து மோந்து பார்த்தார். "புதுச் செருப்பு வாசனை. வேணாம்."

இரண்டாவது பழைய அலுமினியம். ஒரு பக்கம் நசுங்கி, உள்பூச்சு உரிந்திருந்தது. "இது அனுபவசாலிம்மா, எங்கெங்கயோ போய் வந்தது."

"வீட்ல ஒரு அனுபவசாலி இருக்காரு. அவரே போதும்," என்றார் அண்ணி.

மூன்றாவது ஸ்டீல். கனம்தான். ஆனால் மூடி பட்டையோடு கழுத்தில் கட்டியிருப்பதால் தொலையாது. துணியுறையை நனைத்துவிட்டால் காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் குளிரும். உறையைக் கழற்றி, மூடியைத் திறந்துவைத்து அப்படியே அடுப்பில் ஏற்றலாம். அடியில் ஒரு கப் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நாத்தனார் தண்ணீர் நிரப்பச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒரு சொட்டு இல்லை.

"இது ரெண்டு குடுங்க."

"ஒண்ணு."

"ஒரு லிட்டரை வெச்சுக்கிட்டு ரெண்டு பேர் அந்த வெயில்ல என்ன அண்ணி பண்றது? அன்னைக்கு நீங்க விழுந்தப்ப நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் நெனவே இல்லையே."

"உன்னுது என்னுதுன்னு ஆயிட்டா, அப்புறம் யார் குடிச்சா யாருக்கென்ன? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கத்தானே கூடப் போறோம்?"

"பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரிஞ்சுதே. மறுபடியும் நடிப்பீங்க."

"நீ மட்டும் என்னடி? உதட்டை நனைச்சுட்டு ஏப்பம் வேற விட்டியே!"

கடைக்காரர், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

6

முடிவு அ: ஒன்றே வாங்குகிறார்கள். வாய் வைத்துத் தூக்கினால்தானே நடிக்கலாம். கப்பில் ஊற்றிக் கொடுத்தால் காலியாவது கண்ணெதிரே தெரியும். அழகான முடிவு. ஆனால் ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான். அண்ணியின் சிறுநீரகத்துக்குக் கதையின் அழகு புரியாது.

முடிவு ஆ: இரண்டு வாங்குகிறார்கள். ஆளுக்கொன்று. யாரும் விழவில்லை. அடுத்தமுறை நாத்தனார் கூப்பிட, "கடையில துணி குவிஞ்சு கெடக்கு, நீ போயிட்டு வா" என்கிறார் அண்ணி. அதற்கடுத்த முறை நாத்தனார் கூப்பிடவே

இதை முடிக்கவில்லை. கணக்கு சரியாக வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இ: அண்ணி ஸ்டீல் குடுவையைக் கையில் தூக்கிக் கனம் பார்க்கிறார்.

"சரி. ரெண்டே வாங்கு. ஆனா உன் தண்ணியை நான் தூக்குறேன். என் தண்ணியை நீ தூக்கு."

"அது எதுக்கு?"

"நீ குடிக்கிறியா இல்லையான்னு என் தோளுக்குத் தெரியணும். கனம் குறையலேன்னா அங்கேயே நிப்பேன். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

நாத்தனார் அண்ணியையே பார்த்தார். "நானும்தான் நிப்பேன்."

"நில்லேன். யார் வேணாங்கிறா?"

"கப் ரெண்டுலயும் உண்டும்மா," என்றார் கடைக்காரர்.

"ஒரு கப்பை நீங்களே வெச்சுக்கங்க," என்றார் அண்ணி.

7

உண்மையில் அவர்கள் ஒன்று வாங்கினார்களா, இரண்டா, எதுவும் வாங்காமல் போனார்களா, எனக்குத் தெரியாது. கயிற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது முடிவு என் ஆசை. ஆசையை முடிவு என்று எழுதிக் கையொப்பம் போட எனக்குத் துணிவில்லை.

ஆகவே அவர்களை மலைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறேன். பாதி ஏற்றம். அண்ணி, "நான் குடிச்சாச்சு, குடிச்சாச்சு" என்று கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் போகிறார். நாத்தனாரின் செருப்பில் கல் புகுந்துவிட்டது, குனிய வேண்டும். அதுவரை இந்தக் குடுவையை நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள். அண்ணியின் தண்ணீர் இது. அடிவாரத்தில் கழுத்துவரை நிறைத்ததை நான் பார்த்தேன்.

பட்டையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அடி நடந்து பாருங்கள்.

உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டால், அண்ணியின் பின்னாலேயே போய் கதையை உங்கள் விருப்பப்படி முடித்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். அவர் திரும்பிப் பார்க்கிறவரை ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.